உதவி: கிட்டியில் ஓடுற மாடல் எங்க லைடாரில் காரைக்கூட காட்ட மாட்டேங்குது

கரிசல்காடு:
கிட்டிங்கிற பொது டேட்டாவில் (ரோட்டில் ஓடின கார் எடுத்த லைடார், கேமரா பதிவுகள்) ட்ரெயின் பண்ணின பாயிண்ட்பில்லர்ஸ் மாடல் இது, லைடார் புள்ளிகளில் பொருளைக் கண்டுபிடிச்சுச் சுத்திப் பெட்டி போடும். கிட்டி ஃபைல்களில் கார், ஆள், சைக்கிள் எல்லாத்துக்கும் பெட்டி சரியா விழுது. காலேஜ் வளாகத்தில் ஓட்டுற சின்ன வண்டியில் 16 கதிர் லைடார் (லேசர் கதிரைச் சுழற்றித் தூரம் அளக்கிற கருவி; மேலே 15, கீழே 15 டிகிரி) மாட்டி எடுத்த பதிவில் கொடுத்தா, பக்கத்தில் நிக்கிற காருக்கே ஸ்கோர் (மாடலோட நம்பிக்கை, 1-க்கு) 0.1 தாண்டல. வேலியோரப் புதரை ஆள்னு சொல்லுது. ஆர்விஸில் (பதிவைத் திரையில் காட்டுற மென்பொருள்) புள்ளிகள் சுத்தமாத்தான் தெரியுது, எரரும் இல்லை. லைடார் தரையிலிருந்து 0.6 மீட்டர் உயரத்தில் இருக்கு. எங்கே பார்க்கணும்?

பொன்வண்டு:
இன்டென்சிட்டியைப் பாருங்க, அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் திரும்பி வர்ற ஒளியோட அளவை. கிட்டியில் அது 0 முதல் 1 வரை. உங்க டிரைவர் 0 முதல் 255 வரை தருதோ என்னவோ.

கரிசல்காடு:
ஆமா, 255 வரை வந்துச்சு. வகுத்துட்டேன். புதர் பெட்டிகள் குறைஞ்சது, கார் இன்னும் வரல.

தூக்கணாங்குருவி:
உயரம்தான் காரணம். கிட்டியை ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ பக்கம் எடுத்தாங்க. 64 கதிர் வெலோடைன் கம்பெனி லைடார் கார் கூரை மேல, தரையிலிருந்து 1.73 மீட்டரில். அதனால மாடலுக்குத் தரைன்னா இசட் (லைடாரை 0-ன்னு வச்சு அளக்கிற உயரம்) மைனஸ் 1.73. உங்க தரை மைனஸ் 0.6-ல் இருக்கு. மாடலோட கணக்குப்படி உங்க கார்கள் அந்தரத்தில் மிதக்குது.

எல்லாப் புள்ளியின் இசட்டிலும் 1.13 கழிச்சுக் கொடுங்க. வெளியே வர்ற பெட்டிகளுக்கு அதே 1.13-ஐக் கூட்டிக்கோங்க. எக்ஸ் அச்சு வண்டியின் முன்பக்கம் பார்க்குதான்னும் பாருங்க, வயர் வர்ற பக்கத்துக்குத் தோதா லைடாரைத் திருப்பி மாட்டிடுவாங்க. வண்டிக்குப் பின்னால பெட்டி எதுவும் வராது. கிட்டியில் முன்கேமரா பார்த்ததுக்கு மட்டும்தான் லேபிள் (இது கார், இது ஆள்னு ட்ரெயினிங்குக்குக் குறிச்சு வச்ச விடை).

கரிசல்காடு:
கார் வந்துடுச்சு அண்ணா! ஸ்கோர் 0.7-க்கு மேல. ஆனா தூரத்து ஆட்கள் சுத்தமா இல்லை. ஆட்டோ ஒரு ஃபிரேமில் கார், அடுத்ததில் காணோம்.

தூக்கணாங்குருவி:
அதுக்கு செட்டிங் மாத்திப் பிரயோஜனம் இல்லை, புள்ளியே பத்தாது. உங்க லைடாரில் கதிருக்குக் கதிர் 2 டிகிரி, 20 மீட்டரில் அது 70 செ.மீ. இடைவெளி. 1.7 மீட்டர் ஆள் மேல மூணே கோடு விழும்: கணுக்காலுக்கு மேல ஒண்ணு, இடுப்பில் ஒண்ணு, நெத்தியில் ஒண்ணு. கிட்டியில் அதே ஆள் மேல பத்துக்கும் மேல கோடு. லைடார் சுத்துற பல சுற்றின் புள்ளிகளைச் சேர்த்தா நிரம்பும்னு சிலர் சொல்வாங்க. வண்டி நின்னா கதிர் அதே உயரத்திலதானே திரும்பத் திரும்ப விழும்? நடக்கிற ஆள் வேற இழுபட்டுப் போவார்.

உங்க லைடார் மாதிரியே இடைவெளி வர, கிட்டியில் ஐந்தில் ஒரு கதிரை மட்டும் வச்சுக்கிட்டு மறுபடி ட்ரெயின் பண்ணுங்க. ஃபைலில் கதிர் எண் இருக்காது, ஏற்றக் கோணத்தை (புள்ளி எவ்வளவு மேலே, கீழே சாய்வில் இருக்குன்னு) வச்சுப் பிரிக்கணும். ஆட்டோவுக்கு கிட்டியில் வகையே கிடையாது. டிராமுக்கு இருக்கு!

பொன்வண்டு:
ஆட்டோவுக்கு உங்க பதிவிலேயே லேபிள் போட்டுடுங்க. ஸ்டாண்டில் வரிசையா நிக்கிறதை மட்டும் எடுக்காதீங்க, ஓடுறது, திரும்புறது, பாதி மறைஞ்சதுன்னு கலந்து எடுங்க.