ஓவர்ஹால் முடிந்த டர்பைனில் எக்ஸ் ப்ரோப் 95 மைக்ரான் காட்டுகிறது. நிஜ அதிர்வா?

ஃபிளாக்_மெக்கானிக்:
வணக்கம். மொரிஷியஸில் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது. சக்கையில் ஓடும் எங்கள் டர்போ ஆல்டர்னேட்டர் 3000 ஆர்பிஎம், ஆயில் ஃபிலிம் பேரிங். ரோட்டர் வெளி ஒர்க்‌ஷாப் போய் வந்தது. இப்போது கப்ளிங் பக்கத்து பேரிங்கில் ஷாஃப்டின் ஆட்டத்தை அளக்கும் இரு ப்ரோப்களில் எக்ஸ் 95 மைக்ரான் பீக் டு பீக் (ஆட்டத்தின் முழு வீச்சு), ஒய் 42. அலாரம் 90, ட்ரிப் (தானாக நிறுத்தும் அளவு) 140. கேசிங்கில் (வெளிக்கூட்டில்) 1.2 மி.மீ./விநாடிதான். வேகத்தை ஏற்றும்போது 300 ஆர்பிஎம்மில் எக்ஸ் 38, ஒய் 7 இருந்தது. அலாரத்தை 110க்கு உயர்த்தச் சொல்கிறார்கள். செய்யலாமா?

டர்பைன்_தோழர்:
இப்போதைக்குத் தொடாதீர்கள். கேசிங் அளவை நம்பி ஆறுதல் அடையவும் வேண்டாம். 50 ஹெர்ட்ஸில் 1.2 மி.மீ./விநாடி என்பது சுமார் 11 மைக்ரான் அசைவு. கனமான கேசிங்குக்குள் ஷாஃப்ட் எவ்வளவு ஆடினாலும் ஆயில் ஃபிலிம் அதை வெளியே விடாது.

முக்கியமானது அந்த 38. மெதுவாகச் சுழலும்போது இவ்வளவு வருவது ரன் அவுட் (ஷாஃப்ட் ஆடாமலே அதன் மேற்பரப்புக் குறையால் ப்ரோப் காட்டும் பொய் அளவு), இல்லாவிட்டால் ரோட்டர் வளைவு. 95இலிருந்து 38ஐ அப்படியே கழிக்கக் கூடாது, கோணத்தோடு கழிக்க வேண்டும். இரண்டும் ஒரே கோணத்தில் இருந்தால் நிஜ அதிர்வு 57. எதிரெதிராக இருந்தால் 133! கீஃபேசர் (சுற்றுக்கு ஒரு துடிப்பு தந்து கோணம் காட்டும் சென்சார்) இருக்கிறதல்லவா? இரு வேகத்திலும் 1எக்ஸ் (சுற்றுக்கு ஒருமுறை வரும் அதிர்வு) அளவும் கோணமும் எடுத்துப் போடுங்கள். அடுத்த நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் மெதுவாகச் சுழற்றுங்கள். வெப்ப வளைவு என்றால் 38 குறைந்துகொண்டே வரும். ரன் அவுட் அசையாது.

ரோஸ்ஹில்_கருவிப்பிரிவு:
அதற்கு முன் ப்ரோப் சங்கிலியைப் பாருங்கள் அண்ணா. ப்ரோப், எக்ஸ்டென்ஷன் கேபிள், டிரைவர் (ப்ரோப்பின் சிக்னலை வோல்ட்டேஜாக மாற்றும் பெட்டி) மூன்றும் ஒரே நீளக் கணக்கில் இருக்க வேண்டும். 5 மீட்டர் டிரைவரில் 9 மீட்டர் கேபிள் போட்டால் எல்லா அளவும் தவறும். 8 மி.மீ. ப்ரோப்பில் மைக்ரானுக்கு 7.87 மில்லிவோல்ட் வர வேண்டும். மைக்ரோமீட்டர் வைத்து 0.25 மி.மீ. படிகளில் சோதியுங்கள். இடைவெளி வோல்ட்டேஜ் (ப்ரோப்புக்கும் ஷாஃப்டுக்கும் உள்ள தூரத்தைக் காட்டுவது) -10 வோல்ட்டுக்கு அருகில் இருக்கட்டும். கனெக்டரில் எண்ணெய் இருந்தாலோ, அது கேசிங்கைத் தொட்டாலோ, அலை வடிவத்தில் முள் முள்ளாகத் தெரியும்.

ஃபிளாக்_மெக்கானிக்:
நன்றி. நிறுத்திப் பார்த்தோம். கேபிளும் இடைவெளியும் சரி. ஒரு மணி நேரம் சுழற்றியும் 38 குறையவில்லை, கோணம் 60°. முழு வேகத்தில் 95, கோணம் 40°.

டர்பைன்_தோழர்:
அப்படியானால் நிஜ அதிர்வு 61 மைக்ரான். ஐஎஸ்ஓ தரநிலைக் கணக்கில் 4800ஐ ஆர்பிஎம்மின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 88, அதற்குள்தான் இருக்கிறீர்கள். ஓட்டலாம். கோளாறு ஷாஃப்டில் எக்ஸ் ப்ரோப் பார்க்கும் தடத்தில்தான். கிராக் பார்க்கக் காந்தப்படுத்திவிட்டுக் காந்தத்தை நீக்காமல் அனுப்பியிருக்கலாம், அல்லது அந்த இடத்தில் குரோம் பூசியிருக்கலாம். இயந்திரக் கண்காணிப்புக்கான ஏபிஐ 670 தரநிலையின்படி ரன் அவுட் 6 மைக்ரான், அல்லது அனுமதித்த அதிர்வில் கால் பங்கு, இரண்டில் பெரியதைத் தாண்டக் கூடாது. உங்களுடையது எங்கோ போய்விட்டது.

கோணம் தெரிந்த பிறகுதான் அலாரம் 110 பேசத் தகும். அதையும் காரணம் எழுதி, வெட்டு முடியும்வரை மட்டும். ட்ரிப் 140ஐத் தொடாதீர்கள். கழித்த அளவை ட்ரிப்புக்குக் கொடுக்கவும் கூடாது. சீசன் முடிந்ததும் தடத்தைக் காந்தநீக்கம் செய்து பர்னிஷ் (அழுத்தி மெருகேற்றல்) செய்யுங்கள்.

ரோஸ்ஹில்_கருவிப்பிரிவு:
ஷிஃப்டுக்கு ஒருமுறை இரு ப்ரோப்பின் இடைவெளி வோல்ட்டேஜையும் குறித்து வையுங்கள். 0.5 வோல்ட் மாறினால் 64 மைக்ரான். மேலே பொருத்திய ப்ரோப்பில் -10 மெல்ல மெல்ல -10.5 ஆகிறதென்றால் ஷாஃப்ட் கீழே இறங்குகிறது, பாபிட் (பேரிங்கின் மென் உலோகப் பூச்சு) தேய்கிறது. அதிர்வு அளவு ஏறாமலே இது நடக்கும்.