உச்சிப்பொம்மையைப் பதிப்பதா, ஒட்டுவதா, அமர்த்துவதா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கேக்கின் மேல் வைக்கும் 'டாப்பர்' என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக இம்மடற்குழுவில் முன்வைக்கப்பட்ட 'முடிபொம்மை', 'சிகரப்பொம்மை', 'மேலணி' ஆகிய மூன்றையும், வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் பெண்களுக்காக நான் தமிழாக்கி வரும் கையேட்டில் இட்டுப் பார்த்தேன். 'முடிபொம்மை' என்றதும் தலைமுடி வைத்த பொம்மைதான் நினைவுக்கு வருகிறது. 'சிகரப்பொம்மை' மலையையும் கோபுரத்தையும் விட்டு இறங்கி வர மறுக்கிறது. 'மேலணி' நல்ல சொல். ஆயினும் அது கிரீம் பூவுக்கும், பெயர் வெட்டிய அக்ரிலிக் தகட்டுக்கும் சேர்த்தே பொருந்துவதால், அதைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொண்டு, மேலே நிற்கும் விளையாட்டுப் பொம்மையை மட்டும் 'உச்சிப்பொம்மை' எனலாம் என்பது என் கருத்து.

பெயரை விட வினைச்சொல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'பொம்மையைப் பதிக்கவும்' என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். சென்ற சித்திரையில் என் தங்கை மகனின் பிறந்தநாளுக்கு அப்படியே செய்து, ரப்பர் யானையின் நான்கு கால்களையும், வெண்ணெயில் செய்யும் பட்டர் கிரீமுக்குள் அழுத்திவிட்டேன். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியசுக்குள் உருகிவிடும். மதுரையின் மதிய வெயிலில் கூடத்துக்குள்ளேயே அந்தச் சூடு இருந்தது. முதலில் முன்னங்கால்கள் இறங்கின. பிறகு தும்பிக்கை கிரீமைத் தொட்டது. குழந்தை கத்தியைப் பிடிப்பதற்குள் யானை ஒரு பக்கத்துக் கிரீமை வழித்துக்கொண்டு தட்டில் விழுந்தது.

'பதித்தல்' என்பதில் வேறோர் ஆபத்தும் உண்டு. பதித்த பொருள் உள்ளே இருப்பது. கேக்கின் உள்ளே இருப்பதைக் குழந்தை தின்னும் பொருளாகவே எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டு உணவுச் சட்டம் மிட்டாய்க்குள் உணவல்லாத பொருளை வைப்பதைத் தடுக்கிறது. பொம்மையை உள்ளே அடைத்த சாக்லேட் முட்டை அங்கே விற்கப்படாததும் இதனால்தான். 'ஒட்டுதல்' என்றாலோ, பசையைத் தேடிப் போவார்கள்.

நடைமுறையில் நிகழ்வது வேறு. தடித்த ஸ்ட்ராக்களைக் கேக்கின் உயரத்துக்கே வெட்டி, அடியிலுள்ள கேக் பலகையைத் தொடும்வரை செங்குத்தாக இறக்கி, அவற்றின் தலைமேல் ஒரு சிறு வட்ட அட்டையை வைத்து, கழுவித் துடைத்த பொம்மையை உருக்கிய சாக்லேட்டாலோ, முட்டை வெள்ளையும் ஐசிங் சர்க்கரையும் சேர்த்து அடித்த கலவையாலோ அந்த அட்டையில் நிறுத்துகிறோம். கலவை காய்ந்து இறுகியதும் பொம்மை அசையாது. அதன் எடையும் கேக்கின் மேல் இறங்காமல் ஸ்ட்ரா வழியாகப் பலகைக்குப் போய்விடுகிறது. (பல்குச்சியை எக்காரணம் கொண்டும் பரிந்துரைக்க வேண்டாம், ஒடிந்த முனை துண்டுக்குள் தங்கினால் கண்ணுக்குத் தெரியாது.)

இதற்கு 'ஊன்றல்' என்று முன்மடலில் எழுதியிருந்தேன். காலூன்றுவதிலும் கம்பை ஊன்றுவதிலும் எடை உறுதியான தளத்துக்கு இறங்குவதால் அது பொருந்தும் என நினைத்தேன். உளுந்தையும் கடலையையும் மண்ணுக்குள் ஊன்றுகிறோமே, அப்படியானால் பொம்மையும் புதைவதாகத்தானே பொருள்படும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்தத் தடை சரியானது, அதை ஏற்கிறேன். புதைவது ஸ்ட்ரா, ஆகவே 'ஊன்றல்' அதற்கே உரியது. மேலே இருப்பதற்கு, இருக்கையில் உட்கார வைப்பதைக் குறிக்கும் 'அமர்த்தல்' போதும். ஸ்ட்ராவைத் 'தாங்குகுழல்' என்றும் அட்டையை 'இருக்கைத் தட்டு' என்றும் அழைத்தால், கையேட்டின் வரி இவ்வாறு அமையும்:

"தாங்குகுழல்கள் நான்கினைக் கேக் பலகை வரை ஊன்றி, அவற்றின் மேல் இருக்கைத் தட்டை வைத்து, உச்சிப்பொம்மையை அமர்த்துக. கேக்கை வெட்டும் முன் பொம்மையைத் தட்டோடு எடுத்துவிட்டு, குழல்களை எண்ணி வெளியே எடுக்கவும்."

'இருக்கைத் தட்டு' சற்று நீளமாகத் தோன்றுகிறது. இதைவிடச் சுருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். அச்சுக்குப் போகுமுன் மாற்றிவிடலாம்.