720பியா, 1080ஐயா? தக்கலை வீட்டுப் புதிய டிவி

தக்கலை சித்தப்பா (மாலை 6:10)
அனைவருக்கும் வணக்கம். புதிதாக வாங்கிய 32 அங்குல டிவியில் நேற்றுக் கால்பந்து பார்த்தபோது, மூலையில் காட்டும் கோல் கணக்கு பாதி வெட்டுப்பட்டிருந்தது. பந்து வேகமாகப் போகும்போது ஆட்டக்காரர்களின் கால்களும் கலங்கித் தெரிந்தன. செட்டாப் பாக்ஸில் 576, 720பி, 1080ஐ, 1080பி என நான்கு தெரிவுகள் உள்ளன. பெரிய எண்தான் நல்லது என்று கடையில் சொன்னார்கள். அது சரிதானா, மக்களே?

மார்த்தாண்டம் அண்ணன் (6:18)
சித்தப்பா, எந்தக் கேபிள் போட்டிருக்கிறீர்கள்? மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட ஏ.வி. கேபிள் என்றால், பாக்ஸில் எதைத் தெரிவு செய்தாலும் டிவிக்குப் பழைய தரத்துப் படம்தான் போய்ச் சேரும்.

தக்கலை சித்தப்பா (6:21)
எச்.டி.எம்.ஐ. கேபிள்தான். டிவி வந்த அட்டைப்பெட்டியில் 'எச்.டி. ரெடி, 1366 x 768' என்று அச்சிட்டிருக்கிறது.

மார்த்தாண்டம் அண்ணன் (6:34)
அப்படியானால் உங்கள் திரையில் உள்ள புள்ளிகள் ஏறத்தாழ 10.5 லட்சம். 720பி என்பது 1280 x 720, அதாவது 9.2 லட்சம், 1080 என்பது 1920 x 1080, அதாவது 20.7 லட்சம். இரண்டும் உங்கள் திரையோடு பொருந்தாததால், எதைக் கொடுத்தாலும் டிவி அதைத் தன் அளவுக்கு மாற்றித்தான் காட்டும். இருபது லட்சம் புள்ளிகளை அனுப்பினாலும் பத்து லட்சத்துக்கு மேல் காட்ட அங்கே இடமில்லை.

'ஐ' என்ற எழுத்தைக் கவனியுங்கள். 1080ஐயில் முதலில் ஒற்றைப்படை வரிகள் 540, பிறகு இரட்டைப்படை வரிகள் 540 என்று நொடிக்கு 50 முறை மாறி மாறி வருகின்றன. ஓலை முடைவதுபோல இவ்விரண்டையும் டிவி பின்னிச் சேர்க்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் ஆட்டக்காரர் நகர்ந்துவிடுவதால், பின்னல் சரியாக அமையாத டிவியில் கால்களின் ஓரம் சீப்புப் பல் போலத் தெரியும். 720பியில் ஒவ்வொரு முறையும் முழுப்படமே வரும். பின்னும் வேலையைப் பாக்ஸே முடித்துவிடும். இரண்டில் எந்தக் கருவி அந்த வேலையை நன்றாகச் செய்கிறது என்பதை உங்கள் கண்தான் சொல்ல வேண்டும்.

குளச்சல் மைனி (6:41)
எங்கள் 43 அங்குல டிவியில் 1920 x 1080 என்று இருக்கிறது. எங்களுக்கும் இதே கணக்குத்தானா?

மார்த்தாண்டம் அண்ணன் (6:46)
இல்லை, மைனி. உங்கள் திரையில் 1080பி புள்ளிக்குப் புள்ளி பொருந்தும் என்பதால், அதைத் தயங்காமல் வைக்கலாம். புதுப்பிப்பு வேகத்தில் (நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்பது) 50, 60 என்று கேட்டால் 50 என்று வையுங்கள். நம் நாட்டு ஒளிபரப்பு அந்த வேகத்தில்தான் வருகிறது. 60 என்று வைத்தால், திரையின் கீழே ஓடும் செய்தி வரிகள் விட்டுவிட்டு நகரும்.

சித்தப்பா, கோல் கணக்கு வெட்டுப்படுவதற்கு 720, 1080 எதுவும் காரணமல்ல. குழாய் டிவி காலத்தில் படத்தின் விளிம்பைச் சற்று மறைத்துக் காட்டும் வழக்கம் இருந்தது. அது இன்றும் பல டிவிகளில் தொடர்கிறது. டிவியின் பட அளவுப் பகுதியில் 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள்.

தக்கலை சித்தப்பா (மறுநாள் இரவு 9:05)
அண்ணன் சொன்னபடி ஒரே ஆட்டத்தை இரண்டு விதமாகவும் பார்த்தேன். 1080ஐயில் புல்தரை சற்றுக் கூர்மையாகத் தெரிந்தாலும், ஓடுபவர்களின் கால்களில் அந்தச் சீப்புப் பற்கள் இருந்தன. 720பிக்கு மாற்றியவுடன் அவை மறைந்தன. பத்தடி தள்ளி அமரும் எனக்குப் புல்லைவிடப் பந்துதான் முக்கியம் என்பதால் 720பியிலேயே வைத்துவிட்டேன். பட அளவை மாற்றியதும் கோல் கணக்கும் முழுமையாகத் தெரிகிறது, மக்களே.