யூத வெறுப்பு: சொன்னவர் யார் என்று பார்த்துத்தான் கண்டிக்க வேண்டுமா?

கேள்வி (காரைக்குடி வாசகர்):
எங்கள் நண்பர்கள் குழுவில் ஒரு வாரமாகச் சண்டை ஓயவில்லை. காசாவில் நடப்பதைக் கண்டித்து நான் பகிர்ந்த கேலிச்சித்திரத்தில், வளைந்த மூக்கும் விரல் நிறைய மோதிரங்களுமாக ஒரு வட்டிக்காரர் உலக உருண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அது யூத வெறுப்புப் படம் என்று ஒருவர் சொல்கிறார். 2023 நவம்பரில், யூதர்கள் வெள்ளையர்மீது வெறுப்பைத் தூண்டுகிறார்கள் என்ற பதிவை உண்மை என்று ஈலான் மஸ்க் ஆமோதித்தபோது கடுமையாகக் கண்டித்தவன் நான். ஓர் அரசைக் கண்டிக்கும் என்னை அவரோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமா?

பதில் (பள்ளத்தூர்):
அண்ணன், உங்கள் நோக்கம் எனக்குத் தெரியும். படத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாது. பணக்காரர்கள் சிலர் மனித முதுகுகளின்மேல் பலகை வைத்து விளையாடும் லண்டன் சுவரோவியம் ஒன்றை 2012இல் அழிக்கவிருந்தபோது, பிரிட்டனின் இடதுசாரித் தலைவர் ஜெரமி கோர்பின் ஓவியருக்கு ஆதரவாக முகநூலில் எழுதினார். 2018இல் அது யூத வெறுப்புப் படம் என்று பெரும் சர்ச்சையானதும், படத்தைக் கூர்ந்து பார்க்கவில்லை என்று வருந்தினார். கலிபோர்னியக் காட்டுத்தீயோடு யூத வங்கிக் குடும்பமான ரோத்ஸ்சைல்டின் பெயரை முடிச்சுப்போட்டு, அமெரிக்க வலதுசாரி அரசியல்வாதி மார்ஜரி டெய்லர் கிரீன் 2018இல் எழுதியிருந்தார். முன்னதைப் பொறுத்தவர்கள் பின்னதற்குக் கொதித்தார்கள். பின்னதை மழுப்பியவர்கள் முன்னதை இன்றுவரை விடவில்லை. இரண்டிலும் இருப்பது, யூதப் பணம் உலகை ஆட்டுவிக்கிறது என்ற அதே பழைய கதைதான்.

பதில் (தேவகோட்டை):
என் ஐயா பர்மாவின் மோல்மேனில் வட்டிக்கடைப் பெட்டியடியில் இருந்தவர். அவருடைய பேரேடுகள் எங்கள் வளவில், பர்மாத் தேக்குத் தூணுக்கு அருகில், சிவப்புத் துணியில் கட்டிக் கிடக்கின்றன. கடைசி ஏட்டில் ஈடாக வந்த நிலங்களின் கணக்கு பாதியில் நிற்கிறது, மீதி வெற்றுத்தாள். 1930இல் நெல் விலை சரிந்து கடன் திரும்பாததால், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் சில ஆண்டுகளில் 6 விழுக்காட்டிலிருந்து சுமார் 25 விழுக்காடாக உயர்ந்தது. நிலம் இழந்த உழவனின் கோபம் பொய்யன்று. ஆனால் அந்தக் கோபம் விலையையும் வட்டியையும் சட்டத்தையும் கேள்வி கேட்பதை விட்டு, செட்டி என்றாலே இரத்தம் உறிஞ்சுபவன் என்று ஆனபோது, ஒரு காசு கடன் கொடுக்காத சமையல்காரரும் அதற்குள் அடங்கிவிட்டார். உங்கள் படத்தில் மூக்கையும் மோதிரத்தையும் எடுத்துவிட்டுக் குடுமியும் விபூதியும் வரைந்தால், அது என் ஐயாதான்.

பதில் (கானாடுகாத்தான்):
அதை ஏற்கிறேன், ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இஸ்ரேலிய அரசைப் பற்றி வாய் திறந்தாலே யூத வெறுப்பு என்று முத்திரை குத்துவதும் இரட்டை அளவுகோல்தான். 2016இல் பன்னாட்டு யூதப் பேரழிவு நினைவுக் கூட்டமைப்பு ஏற்ற யூத வெறுப்பு வரையறையில் 11 எடுத்துக்காட்டுகள் உள்ளன; அவற்றில் 7 இஸ்ரேலைத் தொடுகின்றன. இது விமர்சனத்தை முடக்கும் என்று கவலைப்பட்ட அறிஞர்கள், 2021இல் ஜெருசலேம் பிரகடனத்தில், இஸ்ரேலைப் புறக்கணிக்கும் இயக்கம் தன்னளவில் யூத வெறுப்பாகாது என்று எழுதினார்கள். குண்டு போட ஆணையிட்ட அமைச்சரைப் பெயர் சொல்லிக் கண்டியுங்கள். அதற்கு மூக்கு எதற்கு?

கேட்டவர்:
படத்தை இன்று காலை நீக்கிவிட்டு, காரணத்தையும் குழுவில் எழுதினேன். காசாவைப் பற்றி எழுதுவதை நிறுத்தப்போவதில்லை. என் கட்சிக்காரர் ஒருவர் இதே போன்ற படத்தை முகப்புப் படமாக வைத்திருக்கிறார். அவரிடமும் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.