மூடிய ஜன்னலுக்கு மேலே ஒரு காற்றுவழி: திறப்பைக் கூட்டிக் குறைக்கும் வென்டிலேட்டர் செய்த அனுபவங்கள்

திருவான்மியூர், சென்னை

எங்கள் வீடு கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மூன்றாம் மாடியில் இருக்கிறது. அம்மா உறங்கும் அறையின் ஒரே ஜன்னல் கிழக்கு பார்த்தது. கோடையில் மதியத்துக்குப் பிறகு கடற்காற்று அந்த வழியாகத்தான் வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் சாரலும் அதே வழியாகத்தான் வருகிறது. சறுக்கும் அலுமினியக் கதவுகள் என்பதால் சாரல் அடிக்கும் இரவுகளில் இரண்டையும் இழுத்து மூடிவிட்டுப் படுப்போம். அம்மாவுக்கு நெடுநாளாக ஆஸ்துமா உண்டு. மழைக்கால விடியற்காலைகளில் அவர் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்த பிறகுதான் கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி அந்த அறையில் வைத்தேன். பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்று அது காட்டும். வெளிக்காற்றில் சுமார் 420 இருக்கும். இரவு பத்து மணிக்கு 700 காட்டிய கருவி, நானும் அம்மாவும் கதவையும் ஜன்னலையும் மூடிக்கொண்டு உறங்கிய அந்த அறையில், காலை ஐந்து மணிக்கு 2,300 காட்டியது. அந்த அளவு அம்மாவின் இளைப்புக்கு நேரடிக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரவு முழுவதும் அறைக்குள் புதுக்காற்று ஏறக்குறைய வரவே இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

மன்னார்குடியில் தாத்தா வீட்டில் ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலும் ஒரு வென்டிலேட்டர் இருந்தது. நடுவில் இரண்டு முளைகளில் சுழலும் கண்ணாடிக் கதவு, அதிலிருந்து தொங்கும் இரண்டு கயிறுகள். ஒன்றை இழுத்தால் திறக்கும், மற்றொன்றை இழுத்தால் மூடும். அடுக்குமாடி வீடுகளில் ஜன்னல் அகலமானபோது அந்த மேல்திறப்பு தேவையற்றது என்று கைவிடப்பட்டது. ஜன்னலுக்குக் காலதர் என்று ஒரு பழைய தமிழ்ப் பெயர் உண்டு; கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. எங்கள் ஜன்னலில் வெளிச்சத்துக்கும் வேடிக்கைக்கும் வழி இருந்தது, மழை நாளில் காற்றுக்கு மட்டும் வழி இல்லை.

நல்ல வேளையாக, சறுக்குக் கதவுகளுக்கு மேலே 30 சென்டிமீட்டர் உயரத்தில் திறக்க முடியாத கண்ணாடி ஒன்று இருந்தது. அதன் பாதி அகலத்தை, அதாவது 60 சென்டிமீட்டரை எடுத்துவிட்டு, அங்கே அறைக்குள் சற்றே துருத்தி நிற்கும் ஒரு பெட்டியைப் பொருத்தி, அதில் திருப்பக்கூடிய நான்கு தேக்குப் பட்டைகளை வைப்பது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு பட்டையும் 85 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் கனம். ஒன்றின் முளைக்கும் அடுத்ததன் முளைக்கும் இடையே 70 மில்லிமீட்டர். மூடும்போது மேல்பட்டையின் வெளிவிளிம்பு கீழ்ப்பட்டையின் மேல், ஓடு வேய்ந்தாற்போல, ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் கவிந்து நிற்கும். ஒவ்வொரு பட்டையின் அடிப்பக்கத்திலும் வெளிவிளிம்பை ஒட்டி 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம் கீறச் சொன்னேன். இந்தப் பள்ளம் இல்லாவிட்டால், விளிம்புக்கு வந்த மழைத்துளி கீழே சொட்டாமல் பட்டையின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டே அறைக்குள் ஊர்ந்து வந்துவிடும். உப்புக்காற்று அடிக்கும் இடம் என்பதால் இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லாமல் பித்தளை முளையும், அது சுழல நைலான் புஷ் என்ற சிறு வளையமும் போட்டோம்.

நான்கு பட்டைகளும் ஒன்றாகத் திரும்ப வேண்டும் என்பதற்காக, ஒவ்வொன்றின் உள்விளிம்பிலும் ஒரு ஊசியை அடித்து, நான்கையும் ஓர் அலுமினியப் பட்டியால் இணைத்தோம். இங்கேதான் நான் தவறினேன். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது மின்சாரம் இல்லை, மின்விசிறி இல்லை, இந்த வென்டிலேட்டர் ஒன்றுதான் துணை என்ற நிலையில் இருந்தோம். காற்று திசை மாறிச் சாரல் நேராக அடித்தபோது பட்டைகளைத் திருப்பும் கைப்பிடியை முழுவதும் தள்ளி மூடினேன். முதல் இரண்டு பட்டைகளும் நான்காவதும் மூடின. மூன்றாவது மட்டும் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்துகொண்டு நின்றது. இரவு முழுவதும் அதன் கீழே துணியைச் செருகிச் செருகிப் பிழிந்தோம்.

தச்சர் துளையைச் சரியாகப் போடவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். துளை ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தது உண்மை. ஆனால் ஒரு மில்லிமீட்டருக்கு இவ்வளவு பெரிய வாய் திறக்கக் காரணம் என் வரைபடம்தான். பட்டை மூடி ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும்போது, முளையும் ஊசியும் இணைப்புப் பட்டியும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடுகின்றன. அந்த நிலையில் பட்டி எவ்வளவு இழுத்தாலும் பட்டையைத் திருப்பும் விசை அதற்கு இருக்காது. சிறு தளர்ச்சிகூடப் பெரிய கோணப் பிழையாகிவிடும். இறுக்கமாக மூட வேண்டிய அதே நிலையில்தான் என் இணைப்பு வலுவிழந்து நின்றது. பிறகு ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் 45 பாகை சாய்வில் நீட்டி நிற்கும் ஒரு சிறு பித்தளைக் காதை வைத்து, ஊசியை அந்தக் காதுக்கு மாற்றினோம். அதன் பிறகு நான்கும் ஒரே ஓசையோடு மூடுகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைகளில் கிடைக்கும் லூவர்களில், அதாவது இப்படித் திருப்பும் பட்டைகள் கொண்ட திறப்புகளில், யாரும் இதைக் கவனித்ததாக எனக்குத் தெரியவில்லை. கைப்பிடியைச் சம அளவில் நகர்த்தினால் திறப்பு சம அளவில் கூடுவதில்லை. எங்கள் பட்டைகள் படுக்கை நிலையிலிருந்து சுமார் 82 பாகை திரும்பியதும் மூடிக்கொள்கின்றன. மூடிய நிலையிலிருந்து வெறும் 22 பாகை திறந்தாலே இடைவெளி 25 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. மீதி 60 பாகை முழுவதும் திருப்பினால்தான் 60 மில்லிமீட்டரை எட்டுகிறது. மழை இரவில் நமக்கு வேண்டியது 5 மில்லிமீட்டரா 10 மில்லிமீட்டரா என்ற நுணுக்கம். ஆகவே கைப்பிடி நிற்கும் வளைந்த தகட்டில் துளைகளைச் சம தூரத்தில் போடாமல், ஒவ்வொரு துளைக்கும் திறப்பு 10 மில்லிமீட்டர் கூடும்படி கணக்கிட்டுப் போட்டோம். கைப்பிடி 15 சென்டிமீட்டர் நீளம். மூடிய நிலைக்கும் முதல் துளைக்கும் 22 மில்லிமீட்டர், அடுத்து 23, பிறகு 25, 28, 35, கடைசித் துளைக்கு மட்டும் 81. பார்ப்பதற்கு ஒழுங்கற்று இருக்கும், ஆனால் அம்மா இப்போது "ரெண்டாம் நம்பர்ல வை" என்று சொல்லும்போது அதற்குத் திட்டமான ஒரு பொருள் இருக்கிறது.

அறைக்கதவின் அடியில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இழைத்து எடுத்த பிறகுதான் முழுப் பலன் தெரிந்தது. காற்று வெளியேற வழியில்லாத அறைக்குள் காற்று வராது. சூடான காற்று மேலே எழுந்து தானாக வெளியேறிவிடும் என்று பலரும் நம்புகிறோம். ஒன்றரை மீட்டர் உயர வித்தியாசமும் 5 டிகிரி செல்சியஸ் வெப்ப வித்தியாசமும் சேர்ந்து தரும் அழுத்தம் சுமார் 0.3 பாஸ்கல்தான். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் மெல்லிய காற்று 2.4 பாஸ்கல் தருகிறது. எனவே காற்று எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இப்போது மூடிய ஜன்னலோடு, முதல் துளையில் வைத்து உறங்கினால், ஓரளவு காற்றுள்ள இரவுகளில் கருவி 1,100ஐத் தாண்டுவதில்லை.

ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி மாவட்டம்

ஐயா, உங்கள் பதிவைப் படித்தபோது எங்கள் சிக்கல் நேர்மாறானது என்று தோன்றியது. முப்பந்தல் காற்றாலைகள் எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை கணவாய் வழியாக வரும் காற்றுக்கு ஜன்னலைத் திறந்தால் சுவரில் மாட்டிய நாட்காட்டி பறந்துவிடும். மூடினால் அறை வெந்துவிடும். நானும் முதலில் லூவர்தான் வைத்தேன். பட்டைகள் இரவெல்லாம் தடதடத்தன, சிறிதளவு திறந்திருக்கும்போது சீழ்க்கை அடித்தன, ஒரு மாதத்தில் புஷ்கள் தேய்ந்து ஆடத் தொடங்கின.

ஊர் ஆசாரி ஒருவர் அதைக் கழற்றச் சொல்லிவிட்டு, "திருப்புற சாமானுக்கு இந்தக் காத்து தாங்காது, நகர்த்துற சாமான் செய்வோம்" என்றார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பலகைகள்; இரண்டிலும் 20 மில்லிமீட்டர் அகலத்தில் நெட்டுக் கீற்றுகள், கீற்றுகளுக்கு இடையே 25 மில்லிமீட்டர் மரம். வெளிப்பலகை அசையாது, உட்பலகை பக்கவாட்டில் சறுக்கும். கீற்றும் கீற்றும் நேராக வந்தால் திறப்பு, கீற்றுக்கு நேரே மரம் வந்தால் அடைப்பு. இதில் நீங்கள் சொன்ன துளைக் கணக்குத் தேவையில்லை. திறக்கத் தொடங்கிய பிறகு 5 மில்லிமீட்டர் நகர்த்தினால் ஒவ்வொரு கீற்றிலும் சரியாக 5 மில்லிமீட்டர் திறக்கும். இழப்பும் உண்டு. எவ்வளவு திறந்தாலும் மொத்தப் பரப்பில் 44 சதவீதத்துக்கு மேல் கிடைக்காது, சாரலைத் தடுக்கச் சாய்வும் கிடையாது. எங்கள் ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேட் இருப்பதால் மழை பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை.

மணல்தான் தொந்தரவு செய்தது. பலகை சறுக்கும் கீழ்ச்சட்டத்தின் காடியில், அதாவது பள்ளத்தில், பொடிமணல் சேர்ந்து, இரண்டாவது ஆண்டில் பலகை நகரவே மறுத்தது. காடியின் அடியில் நான்கு இடங்களில் துளையிட்டு, மணலும் நீரும் வெளியே விழும்படி செய்த பிறகு சரியாயிற்று. பலகையின் எடையைக் கீழ்க் காடியில் நிறுத்தாமல் மேல் சட்டத்திலிருந்து தொங்கவிட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

பக்கத்துக் கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சட்டமே இல்லாமல், மேலும் கீழும் இரண்டு குழிகளில் முளை வைத்துச் சுழலும் ஒற்றைப் பலகையையே ஜன்னலாக வைக்கலாம் என்று அவர் காட்டினார். கீல் இல்லை, தாழ்ப்பாள் இல்லை. அந்த எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் எங்கள் காற்றில் அந்தப் பலகையை நினைத்த கோணத்தில் நிறுத்தி வைக்க முடியவில்லை என்பதையும் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஓசூர்

நீங்கள் இருவரும் நன்றாக மூடுவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் மூடவே கூடாத இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் டிசம்பர், ஜனவரியில் குளிர் கடுமை. குளியலறையில் எரிவாயு கீசர் இருந்தது. மேலே கூட்டிக் குறைக்கும் கண்ணாடி வென்டிலேட்டரும் இருந்தது. குளிர் வருகிறதே என்று நான்தான் அதை முழுவதும் மூடினேன். என் கணவர் குளிக்கப் போய்ப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியும் பேச்சில்லை. கதவைத் தட்டினேன், தள்ளாடியபடி வந்து தாழ்ப்பாளை நீக்கிவிட்டு அங்கேயே சரிந்தார். தலைவலி, வாந்தி, எழுந்து நிற்க முடியவில்லை. மருத்துவமனையில் பிராணவாயு கொடுத்த பிறகு தேறினார். மூடிய சிறிய அறையில் கீசர் எரிந்ததால் உண்டான கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்றார் மருத்துவர். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக அதைப் பற்றிக்கொள்கிறது. அதனால்தான் உள்ளே இருப்பவருக்கு ஆபத்து வருவது தெரிவதற்கு முன்பே கைகால்கள் சோர்ந்துவிடுகின்றன.

அந்தக் கீசரை மறுநாளே எடுத்துக் கட்டிடத்துக்கு வெளியே மாட்டச் சொன்னோம். குளியலறை வென்டிலேட்டரில் இரண்டு கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, மூடவே முடியாதபடி கம்பி வலை மட்டும் அடித்தோம். சமையலறையிலும் ஒன்றைக் கவனியுங்கள். சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். மேலே எவ்வளவு நல்ல வென்டிலேட்டர் வைத்தாலும் அது வெளியேறாது. எங்கள் சமையலறைச் சுவரில், வெளியே திறந்த முற்றம் இருக்கும் பக்கம், தரையை ஒட்டி ஒரு துளை போட்டு வலை வைத்திருக்கிறோம்.

திருவான்மியூர், சென்னை

ஓசூர் அம்மா, உங்கள் பதிவைப் படித்த அன்றே எங்கள் கைப்பிடித் தகட்டை எடுத்துப் பார்த்தேன். படுக்கையறையில் எரியும் பொருள் எதுவும் இல்லை. என்றாலும் என் அம்மா தனியாக இருக்கும் இரவில் யாராவது குளிருக்கு முழுவதும் மூடிவிட்டால் மீண்டும் பழைய 2,300தான். ஆகவே மேல்பட்டை ஒன்றை மட்டும் இணைப்புப் பட்டியிலிருந்து பிரித்து, 8 மில்லிமீட்டர் இடைவெளியில் நிலையாக நிறுத்தி, அதன் முன்னே வெளிப்பக்கம் சரிவாக ஓர் அலுமினியத் தகட்டை மழைக்குத் தடுப்பாக வைத்திருக்கிறேன். மூன்று பட்டைகள் மூடும், ஒன்று மூடாது.

கொசுவலை பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: வலையைப் பட்டைகளை ஒட்டி வைக்காதீர்கள். நான் பெட்டியின் உள்வாயில், பட்டைகளிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி, காந்தப் பட்டை ஒட்டிய சட்டத்தில் வைத்திருக்கிறேன். கைப்பிடி பெட்டியின் பக்கவாட்டில், நீட்டிய முளையில் இருப்பதால் வலையைத் தொடாமலே திறந்து மூடலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வலையைக் கழற்றிக் குழாயடியில் அலசினால், சாம்பல் நிறத்தில் நீர் ஓடுகிறது. அலசிய அன்று இரவு கருவி காட்டும் எண் முந்தைய இரவைவிடத் தவறாமல் குறைகிறது.