பேக்லாக்: நிலுவையா, கிடப்பா, படப்பா?

குழுவினருக்கு வணக்கம்.

வாங்கி வைத்துவிட்டு விளையாடாமலே கிடக்கும் கணினி ஆட்டங்களின் கும்பலைப் பேக்லாக் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாகப் போன வாரம் இங்கே 'நிலுவை' என்று முன்மொழிந்திருந்தார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. 'விளையாட்டு நிலுவை' என்றால் ஏதோ மைதான வாடகை பாக்கி மாதிரி இருக்கிறது.

என் கணக்கில் இன்றைக்கு 143 ஆட்டங்கள். ஒரு தடவையாவது திறந்தது 38. மற்றவற்றில் பாதியை நான் காசு கொடுத்து வாங்கவே இல்லை. 2018 டிசம்பரில் தொடங்கிய எபிக் என்ற இணைய ஆட்டக் கடை இப்போது வாரந்தோறும் ஏதாவது ஓர் ஆட்டத்தைச் சும்மா கொடுக்கிறது. நம் நேரத்துக்கு வியாழன் இரவு எட்டரை, குளிர்காலமென்றால் ஒன்பதரை. வலது கையில் தோசை, இடது கையால் மவுஸ், ஓர் அமுக்கு. ஆட்டம் நம்முடையது. அதன் பெயரைக்கூடச் சரியாகப் படித்திருக்க மாட்டேன். மீதி எல்லாம் ஸ்டீம் என்ற இன்னொரு இணையக் கடையின் தள்ளுபடியில் சேர்ந்தவை.

இதில் யாருக்கு என்ன கடன்? நிலுவை என்றால் கட்டியாக வேண்டும். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் அக்கா மகன் 'அரியர்' என்கிறான். அதிலும் அதே வாடை, எழுதித்தான் ஆகணும். அரசு அறிவிப்புகளில் வரும் 'பின்னடைவுப் பணியிடம்' பேக்லாக்குக்குத்தான் வந்தது. ஆனால் பின்னடைவு என்றதும் ஓட்டு எண்ணிக்கைதான் நினைவுக்கு வருகிறது.

ஜப்பானியர்கள் வாங்கிப் படிக்காமல் அடுக்கும் புத்தகங்களைச் 'சுண்டோக்கு' என்பார்கள். அதையொட்டி ஆட்டங்களுக்குச் 'சுமிகே' என்ற சொல் உண்டு. 'சுமி' அடுக்குதல், 'கே' என்பது கேம் என்ற சொல்லின் தலை. கடனும் இல்லை, தோல்வியும் இல்லை, வெறும் அடுக்கு.

நம் பக்கம் அடுக்கு என்றால் படப்பு. உசிலம்பட்டிப் பக்கம் அம்மாச்சி வீட்டுக் கொல்லையில் வைக்கோல் படப்பு நிற்கும். மேலேயிருந்து யாரும் எடுக்க மாட்டார்கள், மழை உள்ளே இறங்கிவிடும். கைக்கு எட்டுகிற உயரத்தில் பக்கவாட்டில் பிடுங்குவார்கள். பிடுங்கிப் பிடுங்கி அந்த இடம் குகை மாதிரி ஆகிவிடும், கோழி அதில் முட்டையிடும். அடுத்த அறுப்புக்குப் புதுசு வந்து சேர்ந்துவிடும். படப்பு தீரவில்லையே என்று அம்மாச்சி வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. தீர்ந்தால்தான் வருத்தம்.

ஆகவே என் முன்மொழிவு: ஆட்டப்படப்பு. வினையும் வசதியாக அமைகிறது. 'நேற்று இரண்டு ஆட்டத்தைப் படப்பில் ஏற்றினேன்', 'லீவு நாளில் ஒன்றைப் பிடுங்கினேன்'.

இன்னொன்று. நல்ல ஆட்டமாக இருந்தும் ஊர் உலகம் கண்டுகொள்ளாமல் விட்டவற்றையும் சிலர் இதே பட்டியலில் போடுகிறார்கள். அது வேறு சங்கதி. 2006இல் பிளேஸ்டேஷன் 2 என்ற ஆட்டக் கருவிக்கு வந்த ஒகாமியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓநாய் உருவில் சூரிய தேவதை, தூரிகையால் கோடு இழுத்தால் செத்த மரம் பூக்கும். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனை கைகொடுக்கவில்லை, அதைச் செய்த குளோவர் ஸ்டுடியோ 2007இல் மூடப்பட்டது. இதற்குக் 'கண்தப்பிய ஆட்டம்' எனலாம். கண்தப்பியது என் படப்பில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

மதுரையிலிருந்து,
படப்புக்காரன்

*

மறுமொழி:

தம்பி, எங்க திருநெல்வேலிப் பக்கம் கொடைவிழாவில் சாமிக்குப் போடுகிற சோறும் கறியும்தான் படப்பு. ஆட்டப்படப்பு என்றால் கிடா வெட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்கு வைக்கோல் போர்தான் தெரியும். 'கிடப்பு' என்று வைத்தால் என்ன? கிடப்பில் போட்டான் என்றால் தமிழ்நாடு முழுக்கப் புரியுமே.

*

மறுமொழி:

அண்ணாச்சி, கிடா வெட்டை நான் யோசிக்கவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'போர்' பக்கம் போக வேண்டாம். 'ஆட்டப்போர்' என்றால் துப்பாக்கி ஆட்டம் என்றுதான் வாங்குவார்கள்.

கிடப்பு நல்ல சொல், ஆனால் இந்த வேலைக்கு இல்லை. ஒரு கோப்பு கிடப்புக்குப் போவதற்கு முன் யாரோ அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அதனால் தொடங்கிப் பாதியில் விட்டவற்றுக்கு அதை வைத்துக்கொள்வோம். அவுட்டர் வைல்ட்ஸ் என்று 2019இல் வந்த ஓர் ஆட்டம். 22 நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் வெடித்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஏழெட்டு முறை செத்துவிட்டு, 'அப்புறம் பார்க்கலாம்' என்று மூடினேன், இரண்டு வருஷமாகிறது. அது கிடப்பு. திறக்காத 105ம் படப்பு. பேக்லாக் என்ற ஒரே சொல் இரண்டையும் ஒரே சாக்கில் கட்டிவிடுகிறது, நாம் ஏன் கட்ட வேண்டும்?

உங்கள் ஐயத்துக்காக 'ஆட்ட' என்பதை விட்டுவிட்டு வெறும் 'படப்பு' என்றே எழுதிப் பார்க்கிறேன். ஆட்டக்காரர்கள் பேசுகிற இடத்தில் கிடாவும் வராது, வைக்கோலும் வராது.

அக்கா மகனிடம் சொன்னேன். "அப்ப நீங்க வைக்கப்படப்பு நாய் மாமா. நீங்களும் விளையாடுறதில்ல, எனக்கும் பாஸ்வேர்டு தர்றதில்ல" என்றான். சொல் அவனுக்குப் புரிந்துவிட்டது. பாஸ்வேர்டு இன்னும் கொடுக்கவில்லை.