கீழ்த்தளத்துல ஒரு ரூம் கேட்டது குத்தமாங்க? (ஹாஸ்டல் பஞ்சாயத்து)

பேரையூர்_பொண்ணு:
மதுரைல பிஜி மொத வருசம் படிக்கிறேன், கேம்பஸ் ஹாஸ்டல்தான். 19 வயசுல இருந்து எனக்கு முடக்குவாதம், ரூமட்டாய்டுன்னு சொல்வாங்கள்ல அது, வயசானவங்களுக்கு வர்ற மூட்டுத் தேய்மானம் இல்ல. காலைல எந்திரிச்சா ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு முட்டியும் விரலும் மடங்கவே மடங்காது, பொறவு பைய எளகும். எனக்குக் குடுத்த ரூம் ரெண்டாவது மாடி. 44 படி, எண்ணி வச்சிருக்கேன். மெஸ்ஸு கீழ. பாத்ரூம் எல்லா மாடிலயும் குத்தவச்சு உக்கார்றதுதான், வெஸ்டர்ன் மொத்த பில்டிங்குக்கும் ஒன்னே ஒன்னு, கீழ கெஸ்ட் ரூம்ல இருக்கு, அதுக்கு எப்பவும் பூட்டு.

எங்கப்பா டி.கல்லுப்பட்டில ஒரு பிளாஸ்டிக் சேர் வாங்கி நடுவுல வட்டமா அறுத்து, ஓரத்துல சைக்கிள் டியூப் சுத்திக் குடுத்தாரு. அதத் தூக்கிக்கிட்டு வராண்டா கடைசி வரைக்கும் தெனம் நடக்குறேன், பிள்ளைங்க பல்லு வெளக்கிக்கிட்டே பாக்கும், நான் தலையக் குனிஞ்சுக்குவேன்.

கீழ ரூமு குடுங்க, அந்த வெஸ்டர்ன பயன்படுத்த விடுங்கன்னு லெட்டர் குடுத்தேன். ஆபீஸ்ல வாங்கி வச்சுக்கிட்டு, "கீழ இருக்குறதெல்லாம் சீனியாரிட்டில போயிருச்சும்மா, நீயே போயி யாராச்சும் மாறிக்கிறாங்களான்னு கேட்டுப் பாரு"ன்னுட்டாங்க. கேட்டேன். எட்டு ரூம் கதவத் தட்டுனேன். ஆறு பேரு நல்லாத்தான் பேசுனாங்க, யாரும் மாறல, ஒரு அக்கா மட்டும் மூஞ்சிக்கு நேரா "நடந்துதான வந்த"ன்னு கேட்டுச்சு. லெட்டர் குடுத்ததே தப்போன்னு இப்பத் தோணுது.

ஒத்தக்கடை_ராசா:
தங்கச்சி, கோவிச்சுக்காத, உண்மையச் சொல்றேன். ஹாஸ்டல்னா அட்ஜஸ்ட் பண்ணித்தான் போகணும், நாங்கல்லாம் ஒரு ரூம்ல நாலு கட்டில் போட்டு ஆறு பேரு படுத்துருக்கோம், எனக்கும் ஆஸ்துமா இருந்துச்சு, ஸ்பெஷலா ஒன்னும் கேக்கல. ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு தலவலிக்காரன், தூசி அலர்ஜிக்காரன், ராத்திரி தூக்கம் வரலைங்கிறவன் எல்லாம் லெட்டரோட நிப்பான். முடியலேன்னா வெளில ரூம் எடுத்துக்கிறதுதான் நல்லது. பொம்பளப் பிள்ளைங்களுக்கு டவுன் பஸ்ஸு ஓசிதான?

சக்கரக்கட்டி:
ராசாண்ணே, பஸ்ஸு ஓசிதான், படிக்கட்டு ஓசியா? முட்டி மடங்காதவ சாதா டவுன் பஸ்ஸோட மொதப் படிய எப்படி ஏறுவா, காலைல எட்டரை மணிக் கூட்டத்துல, பின்னாடி நாலு பேரு "ஏறும்மா ஏறும்மா"ன்னு தள்ளுறப்ப? அதுக்கு அந்த 44 படியே தேவல.

மாடிவாசி:
நான் எதிர்த்தரப்புல இருந்து பேசுறேன், வையிறவங்க வஞ்சுக்கங்க. வேற காலேஜ், ஆனா மதுரதான். மொத வருசம் பூரா எனக்கு மொட்டமாடிக்கு நேர் கீழ ரூமு. நம்மூரு மே மாசம் எப்படி இருக்கும்னு தெரியும்ல, ராத்திரி பதினோரு மணிக்கு சுவத்துல கைய வச்சா இட்லிக் கொப்பரைல வச்ச மாதிரி சுடும், ஃபேன் சுத்துனா அனலுதான் எறங்கும், கோடத் தண்ணிய தரைல ஊத்தி அதுமேல படுத்துருக்கோம். செகண்ட் இயர் வந்ததும் சீனியாரிட்டில கீழ ரூம் கெடச்சுச்சு. மூனாவது வாரம் கூப்பிட்டு "ஒரு பிள்ளைக்கு மெடிக்கல், நீ மேல போயிரு"ன்னாங்க. போனேன். அந்தப் பிள்ள அடுத்த மாசம் காலேஜ் டேக்கு டான்ஸ் ஆடுச்சு, முன் வரிசைல. அம்புட்டுப் பேரும் கை தட்டுனாங்க, நானும் தட்டுனேன். இப்ப யாரு லெட்டர் குடுத்தாலும் எனக்கு அந்த டான்ஸ்தான் கண்ணு முன்னாடி வருது.

பேரையூர்_பொண்ணு:
அக்கா நீங்க சொல்றது புரியுது. ஆனா எனக்கே சில நாளு நல்லா இருக்கும்க்கா, வெரசா நடப்பேன், பாக்குறவங்களுக்கு ஒன்னுமே இல்லாத மாதிரி இருக்கும். மறுநா சீப்பப் புடிச்சு தல சீவ முடியாது. சனிக்கிழம ராத்திரி மெத்தோட்ரெக்ஸேட் போடுவேன், வாரத்துக்கு ஒருக்கா போடுற மாத்திர, ஞாயித்துக்கெழம பூரா கொமட்டிக்கிட்டே கெடப்பேன். நல்லா இருக்குற நாள்லதான வெளிய வர்றேன், அதத்தான் எல்லாரும் பாக்குறாங்க.

மாடிவாசி:
அதுவும் சரிதான். ஆனா அந்தப் பிள்ளையும் உன்ன மாதிரியா, இல்ல சும்மாவான்னு எனக்கு யாரு சொல்லுவா? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம சாமானத் தூக்குன்னாங்கல்ல, கோவம் அங்கதான்.

கருப்புக்கோட்டு:
கொஞ்சம் சட்டத்தையும் பாத்துருவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல். பிரிவு 16 என்ன சொல்லுதுன்னா, அரசு பணம் குடுக்குற இல்ல அங்கீகாரம் குடுத்த கல்வி நிறுவனம் எதுவா இருந்தாலும் கட்டடத்தையும் வளாகத்தையும் அவங்க புழங்குற மாதிரி வைக்கணும், அந்தந்த ஆளோட தேவைக்கு ஏத்த வசதி செஞ்சு குடுக்கணும். "பிரைவேட் காலேஜ், எங்கள ஒன்னும் கேக்க முடியாது"ங்கிற பேச்சு அங்க செல்லாது, அங்கீகாரம் வாங்கித்தான நடத்துறாங்க. தங்கச்சி, மாற்றுத்திறனாளி சான்று வாங்கியிருக்கியா, எத்தன சதவீதம் போட்டிருக்காங்க?

பேரையூர்_பொண்ணு:
பெரியாஸ்பத்திரி போர்டுல 35 போட்டாங்கண்ணா.

ஒத்தக்கடை_ராசா:
அப்பறம் என்ன, 40 இருந்தாத்தான சட்டம். முடிஞ்சுபோச்சு.

கருப்புக்கோட்டு:
எல்லாரும் வழுக்கி விழுகுற எடம் இதுதான். 40 சதவீதம்ங்கிற கணக்கு சீட்டு ஒதுக்கீடு, வேலை ஒதுக்கீடு மாதிரி சமாச்சாரத்துக்கு. உயர்கல்வில 5 சதவீத எடம் இருக்குல்ல, அதுக்கு 40 வேணும். ஆனா நியாயமான வசதி கேக்குறதுக்கு சட்டத்துல அந்த 40 வரம்பு கெடையாது. 2021ல சுப்ரீம் கோர்ட்டுல விகாஷ் குமார்னு ஒருத்தர் கேஸு, எழுதும்போது கை இழுத்துக்கிற பிரச்சன அவருக்கு, யுபிஎஸ்சி பரீட்சைக்கு எழுத ஆள் கேட்டாரு, 40 இல்லேன்னு தள்ளுனாங்க. கோர்ட்டு ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்கன்னு சொல்லி அவருக்குத்தான் தீர்ப்புக் குடுத்துச்சு. அதனால 35ங்கிறத வச்சு உன்ன வெளிய அனுப்ப முடியாது.

ஆனா ராசா பக்கமும் ஒரு பாயிண்டு இருக்கு, மறைக்க மாட்டேன். நிறுவனத்து தலைல அளவுக்கு மீறின சுமைய ஏத்துற மாதிரி இருக்கக் கூடாதுன்னும் அதே சட்டம்தான் சொல்லுது. ஹாஸ்டல் பூராத்துக்கும் லிஃப்ட் போடுங்கன்னு கேட்டா காச காரணம் காட்டலாம். பூட்டிக் கெடக்குற ஒரு கக்கூஸத் தொறக்குறதுல என்ன சும இருக்கு?

ஒத்தக்கடை_ராசா:
வக்கீலு சார், சட்டம் படிச்சா ஆச்சா? பொய் சர்டிஃபிகேட்டு எம்புட்டு சுத்துதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?

கருப்புக்கோட்டு:
தெரியும்யா. 40க்கு மேல உள்ளவங்களுக்குன்னு இருக்குற சலுகைய பொய் சொல்லி வாங்குனா ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சம் வரைக்கும் ஃபைன், ரெண்டும் சேத்தும் போடலாம், பிரிவு 91. பொய்க்கு மருந்து அங்க இருக்கு. அதுக்காக நெசமானவள மாடி ஏத்தணுமா?

பழைய_டெபுடி:
நான் பன்னெண்டு வருசம் டெபுடி வார்டனா இருந்தவன், இப்ப ரிட்டயர்டு. எந்தக் காலேஜுன்னு கேக்காதீங்க. எங்க பக்கத்தையும் கேளுங்க.

வருசா வருசம் ஜூலைல மெடிக்கல் லெட்டரு கட்டா வரும். பத்துல ஆறு ஒரே கிளினிக் சீலு, ஒரே கையெழுத்து, "பேஷண்ட் இஸ் அட்வைஸ்டு கிரவுண்ட் ஃப்ளோர்"னு ஒரே வரி, பேரு மட்டும் மாறும். அதுக்கு நடுவுல நெசமான லெட்டரும் அதே வரியோட வந்து கெடக்கும். எத நம்புறது? எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டுருவோம். அம்புட்டுதான் நடந்துச்சு, பெருமையாச் சொல்லல.

பாப்பா, நீ என்ன எழுதிக் குடுத்தன்னு எனக்குத் தெரியாது, ஆனா நோய் பேர மட்டும் எழுதியிருந்தா ஆபீஸ்ல யாருக்கும் ஒன்னும் ஏறாது. "ஆர்த்ரைட்டிஸ்னா எங்கம்மாவுக்கும்தான் இருக்கு, தைலம் தேச்சுக்கிறாங்க"ம்பாரு கிளார்க்கு. என்ன செய்ய முடியாதுன்னு எழுதணும். குத்தவச்சு உக்கார முடியாது. காலைல எந்திரிச்சு ஒன்றரை மணி நேரம் படி எறங்க முடியாது. வாளித் தண்ணி தூக்க முடியாது. இதையே பாக்குற மூட்டு டாக்டருகிட்ட லெட்டர்ஹெட்ல வாங்கு, எத்தன மாசத்துக்குன்னும் போடச் சொல்லு. சான்று நகல் சேரு. வார்டனுக்கு எழுதி முதல்வருக்கு ஒரு நகல் வையி, ரெண்டு எடத்துலயும் கொடுத்த காப்பில தேதியோட கையெழுத்து வாங்கு. வாயால சொன்னதெல்லாம் வராண்டாக் காத்தோட போயிரும்.

சக்கரக்கட்டி:
டெபுடி சார் சொல்றது நூத்துக்கு நூறு. எனக்கு டைப் 1 சுகரு, பள்ளிக்கூடத்துல இருந்தே ஊசி. ஹாஸ்டல்ல சேரும்போது சிங்கிள் ரூம் குடுங்கன்னு எழுதிக் குடுத்தேன், ஊசி போடுறத எவனும் பாக்க வேணாம்னு வெக்கம். எங்க டாக்டரம்மா லெட்டரப் படிச்சுட்டு கிழிச்சே போட்டுருச்சு. "ராத்திரி லோ சுகர்ல நீ பேச்சு மூச்சில்லாம கெடந்தா யாருடா கதவத் தட்டுவா"ன்னு வஞ்சுச்சு. எனக்கு வேண்டியது தனி ரூமே இல்ல, வெவரம் தெரிஞ்ச ஒரு ரூம்மேட்டும் ஃப்ரிட்ஜுல ஒரு தட்டும்தான். அத எழுதினேன், மெஸ் ஃப்ரிட்ஜுல வைக்க விட்டாங்க. மெஸ்ஸு பூட்டுன பொறவு கையில இருக்குற ஊசிக்கு மண்சட்டில ஈர மணலு போட்டு அதுக்குள்ள சின்னச் சட்டி, வெயில் காலத்துக்கு அதுவே தாங்குது. கேக்குறதுக்கு முன்னாடி நமக்கு என்ன வேணும்னு நமக்கே தெரியணும்ல.

ஜில்_ஜில்:
எனக்கு வீட்டுச் சாப்பாடு இல்லாம ஒடம்பு எளைக்குது, கீழ ரூமும் மதியம் கறிக்கொழம்பும் வேணும்னு யாராச்சும் லெட்டர் எழுதித் தாங்கப்பா 😂

மாடிவாசி:
இவன யாராச்சும் வெளிய தள்ளுங்க.

டெபுடி சார், ஒன்னு கேக்குறேன். கீழ ரூமத் தரணும்னா ஏற்கெனவே இருக்குறவள ஏன் தூக்குறீங்க? வருசத் தொடக்கத்துலயே ரெண்டு ரூம் காலியா வச்சா என்ன?

பழைய_டெபுடி:
நல்லாக் கேட்டம்மா. ஹாஸ்டல் அப்ளிகேசன்ல ரத்த வகை கேப்போம், லோக்கல் கார்டியன் கேப்போம், சைவமா அசைவமான்னு கேப்போம். படி ஏறுவியா, எந்த மாதிரி கக்கூஸ் வேணும்னு ஒரு வரி கெடையாது. அலாட்மெண்ட் முடிஞ்சு சாமான் எறக்குன பொறவுதான் லெட்டரு வரும். காலியா வச்சாலும் "ரூம் வீணாக் கெடக்கு, வெயிட்டிங்ல அம்பது பிள்ளைங்க நிக்கிது"ன்னு மேல இருந்து சத்தம் வரும். அந்த வரியச் சேக்கணும்னு நான் ஒரு தடவ மீட்டிங்ல சொன்னேன். டீ வந்துச்சு, பேச்சு மாறிப்போச்சு.

இன்னொன்னு. ஒவ்வொரு மாடிலயும் ஒரு இந்தியன எடுத்துட்டு வெஸ்டர்ன் வச்சு, பக்கத்துல புடிச்சு எந்திரிக்க ஒரு கம்பி அடிச்சா பாதி லெட்டரு வராது. கொத்தனாருக்கு ரெண்டு நா வேல. ஆனா அதுக்கு எஸ்டிமேட் போடணும், ஃபைல் நகரணும். பிள்ளைய மாத்துறதுக்கு ஃபைலே வேணாம், கூப்பிட்டு ஒரு சத்தம் போட்டாப் போதும்.

மாடிவாசி:
ஆங். அப்ப நானும் இந்தப் பிள்ளையும் ஒரு ரூமுக்கு அடிச்சுக்கிட்டுக் கெடக்கோம், ஆபீஸ் ஏசில உக்காந்துருக்கு.

ஒத்தக்கடை_ராசா:
நான் இன்னமும் சொல்றேன், சும்மா சும்மா லெட்டர் எழுதுறது பழக்கமாயிரும். ஆனா கக்கூஸு விசயம் வேற. அது ஸ்பெஷல் கெடையாது. எங்கம்மாவுக்கு முட்டி ஆபரேசன் பண்ணப்ப மொத வேலையா வீட்டுல அதத்தான் மாத்துனோம். அந்தச் சேர் அறுத்த கதையப் படிச்சதுல இருந்து மனசே சரியில்ல. ரூமு சீனியாரிட்டில போகட்டும், கெஸ்ட் ரூமுக்கு வர்ற எக்ஸாமினர் வருசத்துக்கு நாலு நாளு, மிச்ச நாளு பூட்டி வச்சு யாருக்கு லாபம்?

கருப்புக்கோட்டு:
ரூமும் கேக்கலாம், ராசா. எட்டுக் கதவ அவளே போயி தட்டணும்னு அனுப்புனாங்க பாரு, அதான் எனக்குப் பொறுக்கல. மாத்துறது நிர்வாகத்தோட வேல, நோயாளியோட வேல இல்ல. தங்கச்சி, புது லெட்டருக்கும் பதில் இல்லேன்னா கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல ஒரு மனு குடு, திங்கக்கிழம குறைதீர் கூட்டத்துலயும் குடுக்கலாம். அதுக்கும் மேல சென்னைல மாநில ஆணையர் இருக்காரு. ஆனா மொதல்ல உள்ளயே எழுது, எடுத்ததும் கலெக்டர்னா மொறச்சுக்கிட்டு நிப்பாங்க, ரெண்டு வருசம் அங்கதான சாப்பிடணும்.

பேரையூர்_பொண்ணு: (ஒன்பது நாள் கழிச்சு)
எல்லாருக்கும் நன்றி. டெபுடி சார் சொன்ன மாதிரியே எழுதினேன், டாக்டரும் அப்படியே எழுதிக் குடுத்தாரு, கையெழுத்தும் வாங்கிட்டேன். ரூம் "பரிசீலனைல இருக்கு"ங்கிறாங்க. கெஸ்ட் ரூம் வெஸ்டர்ன மட்டும் தொறந்து விட்டுட்டாங்க, காலைல ஆறுல இருந்து ராத்திரி ஒம்போது வரைக்கும். ஒம்போதுக்கு மேல சாவி கேட்டுல வாட்ச்மேன் அண்ணன்கிட்ட இருக்கும், வேணும்னா போயி வாங்கிக்கன்னாங்க. கேட்டு ஹாஸ்டல்ல இருந்து நூறு அடி தள்ளி. ராத்திரி ரெண்டு மணிக்கு 44 படி எறங்கி, நூறு அடி நடந்து, அந்த மனுசன எழுப்பி, திரும்பி வரணும்.

ஒத்தக்கடை_ராசா:
சாவிய ஒரு நா வாங்கிட்டு வா, பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் டூப்ளிகேட் போட்டுருவோம், செலவு என்னோடது.

கருப்புக்கோட்டு:
யோவ், இதெல்லாமா பொதுவுல எழுதுவாங்க.

மாடிவாசி:
ராசாண்ணே எப்ப கட்சி மாறுனீங்க?

ஒத்தக்கடை_ராசா:
மாறல. ரூம் மேட்டர்ல நான் அதே எடத்துலதான் நிக்கிறேன்.

பேரையூர்_பொண்ணு:
டூப்ளிகேட் வேணாம்ணே, மாட்டுனா இருக்குறதும் போயிரும். சாவிய என்கிட்டயே குடுக்கச் சொல்லி இன்னொரு லெட்டர் எழுதிக்கிட்டு இருக்கேன். டெபுடி சார், "ராத்திரி நேரத்திலும்"னு தனியாப் போடணுமா, இல்ல "எந்நேரமும்"னாப் போதுமா?

பழைய_டெபுடி:
ரெண்டும் போடு. "எந்நேரமும்"னா பகல்னு படிப்பாங்க.